அம்மாவின் குளிசையை நிறுத்தலாமா? லண்டன் அக்கா சொல்வதும் கிளினிக்கில் சொன்னதும்

நீங்கள் எழுதியதை முதலில் என் சொற்களில் ஒருதரம் சொல்லிப் பார்க்கிறேன். பிழையாக விளங்கியிருந்தால் திருத்துங்கள். சாவகச்சேரியில் உங்களோடு இருக்கும் அம்மாவுக்கு 61 வயது. அப்பா தவறிய பிறகு வந்த மனச்சோர்வுக்கு ஏழு வருடமாக சேர்ட்ரலின் 100 மில்லிகிராம் எடுக்கிறா. போன மாதம் கிளினிக் திகதி தள்ளிப்போனதில் நாலு நாள் குளிசை இல்லை. மூன்றாம் நாள் தலைச்சுற்று, சும்மா இருக்க அழுகை, கண்ணைத் திருப்பினால் ‘தலைக்குள்ளை கரண்ட் அடிக்கிற மாதிரி’. அடுத்த கிளினிக்கில் இருந்த டொக்டர் பழைய வருத்தம் திரும்புகிறது என்று சொல்லி 150 ஆக்கிவிட்டார். லண்டனில் இருக்கும் அக்காவோ, அங்கே நோயாளிகள் இந்த மருந்துகளைப் பற்றிப் பாராளுமன்றம் வரை போய்ப் போராடுகிறார்கள், நாளைக்கே நிறுத்துங்கோ என்று வட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருக்கிறா. அந்தப் போராட்டம் உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மை. ஆனால் உங்கள் எழுத்தில் எனக்குத் தெரிவது வேறு கேள்வி: அம்மாவின் தலைக்குள் அடித்த கரண்டுக்கு யார் சொல்லும் காரணத்தை நம்புவது, நம்பிய பிறகு அந்தக் குளிசையை என்ன செய்வது.

நான் மருந்தாளர். யாழ் மாவட்டத்து அரசாங்க வைத்தியசாலைகளில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு உள்பக்கம் 33 வருடம் நின்றவன். ஓய்வுக்குப் பிறகும் பின்னேரங்களில் ஒரு பாமசியில் இருக்கிறேன். வைத்தியன் அல்ல. உங்கள் அம்மாவை நான் பார்க்கவும் இல்லை. ஆகவே குளிசையைப் பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்வேன். அம்மாவைப் பற்றிச் சொல்வதைப் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும் என்ற அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் அடியில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதில் சந்தேகத்துக்கு இடம் குறைவு. சேர்ட்ரலின் உடம்பில் ஒரு நாளுக்கு அரைவாசியாகக் குறையும். நிறுத்தி இரண்டு மூன்று நாளில் இரத்தத்தில் மிகச் சிறிய பங்குதான் மிஞ்சும். அந்த நேரத்தில் புறப்படும் தலைச்சுற்று, ஓங்காளம், வியர்வை, எரிச்சல், திடீர் அழுகை, நிறம் நிறமான கனவுகள், தலைக்குள் கரண்ட் அடிப்பது போன்ற உணர்வு எல்லாம் மருந்து விலகுவதால் வருபவை. கடைசியாகச் சொன்னதற்கு ஆங்கிலத்தில் ‘பிரெய்ன் ஸாப்’ என்ற பெயர் இருக்கிறது. அது நோயாளிகள் தங்களுக்குள் புழங்கிய பெயர். வைத்தியர்கள் பிறகுதான் எடுத்துக்கொண்டார்கள். மனச்சோர்வு திரும்புவது வேறு மாதிரி. அது நாட்கணக்கில் வராது. கிழமைகள், மாதங்கள் எடுத்து, முதலில் சமையலில் அக்கறை போகும், பிறகு கோயிலுக்குப் போவது நிற்கும், விடியப்புறம் மூன்று மணிக்கு நித்திரை முறியும். முன்பு எப்படி வந்ததோ அநேகமாக அதே தடத்தில் வரும். மனச்சோர்வு தலைக்குள் கரண்ட் அடிக்காது. இன்னொரு அடையாளமும் உண்டு: மருந்தைத் திரும்ப எடுத்ததும் ஓரிரு நாளில் எல்லாம் அடங்கினால் அது விலகல்தான், மனச்சோர்வு இரண்டு நாளில் அடங்கும் வருத்தம் அல்ல. அம்மாவுக்கு எத்தனை நாளில் அடங்கியது என்று நீங்கள் எழுதவில்லை. அதை அவவிடம் கேளுங்கள். நித்திரையின்மை, பதகளிப்பு போன்ற சில அறிகுறிகள் இரண்டுக்கும் பொதுவானவை என்பதால், மெதுவாகக் குறைத்து மாதக்கணக்கான பிறகு வரும் கரைச்சலை எதில் சேர்ப்பது என்பது அனுபவமுள்ள மனநல வைத்தியருக்கும் கடினம். ஆனால் மூன்றாம் நாள் வந்த கரண்ட் அடிக்கு அந்தக் குழப்பம் கிடையாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2006 ஓகஸ்ட்டில் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 தரைப்பாதை பூட்டியபோது குடாநாட்டுக்குள் எல்லாமே கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். நான் நின்ற இடத்தில் இமிப்பிரமின் என்ற பழைய மனச்சோர்வு மருந்து முடிந்துபோயிற்று. வருடக்கணக்காக அதை எடுத்துவந்த ஒரு அம்மா, கரவெட்டிப் பக்கம், ஊரடங்குக்கு நடுவில் பஸ் பிடித்து வந்து வெறுங்கையோடு திரும்பினா. எட்டாம் நாள் திரும்பவும் வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றா. சேலைத் தலைப்பால் வியர்வையைத் துடைத்துத் துடைத்து, “வயித்தைப் பிரட்டுது தம்பி, காய்ச்சல் காய்ஞ்ச மாதிரி உடம்பு நோகுது, கண்ணை மூடினால் கனவு, கனவு, கனவு” என்றா. நான், “மருந்து நிண்டால் வருத்தம் திரும்பும்தானே அக்கா” என்றேன். அவ என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது: “இது அந்த வருத்தம் இல்லை. அந்த வருத்தத்தோடை நான் பத்து வரியம் குடும்பம் நடத்தினனான். எனக்கு அதைத் தெரியும்.” நான் வரிசையில் அடுத்தவரின் மருந்துத் துண்டை வாங்கினேன். அவவின் பேச்சை நம்பவில்லை. இமிப்பிரமினை நிறுத்தும்போது இப்படியெல்லாம் வருகிறது என்று 1959 இலேயே வைத்திய சஞ்சிகைகளில் எழுதிவிட்டார்கள் என்பதை நான் பல வருடம் கழித்துத்தான் வாசித்தேன். நாற்பத்தேழு வருடமாக அச்சில் இருந்த ஒன்றை எனக்குச் சொல்லித்தந்தது அந்த அம்மாதான், அதுவும் நான் கேட்காதபோது.

பிரித்தானியாவில் நடந்ததும் இதன் பெரிய வடிவம்தான். புளுஒக்செற்றின் என்ற மருந்துக்கு, புரொசாக் என்று ஊரெல்லாம் தெரிந்த பெயர், 1987 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பின்னால் அதே இனத்து மருந்துகள் வரிசையாக வந்தன. அவற்றில் பரொக்செற்றின், அங்கே செரொக்சாற் என்ற பெயரில், நிறுத்துவதற்கு மிகக் கரைச்சலானவற்றில் ஒன்று. நிறுத்த முடியவில்லை என்று சொன்னவர்களுக்குக் கிடைத்த பதில் உங்கள் அம்மாவுக்குக் கிடைத்த அதே பதில்: வருத்தம் திரும்புகிறது, தொடர்ந்து எடுங்கள். 2002 ஒக்ரோபரில் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி இதைக் கையில் எடுத்தது. பல்லாயிரம் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. 1,374 மின்னஞ்சல்கள் வந்தன. சாள்ஸ் மெடவார், அன்ட்ரூ ஹேர்க்ஸ்ஹைமர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அந்த மின்னஞ்சல்களை ஒவ்வொன்றாக வாசித்து ஆராய்ந்தார்கள். யாரென்றே ஒருவரையொருவர் அறியாத மனிதர்கள், வெவ்வேறு ஊர்களில் இருந்து, ஒரே அனுபவத்தை ஏறக்குறைய ஒரே சொற்களில் எழுதியிருந்தார்கள். தனி ஒருவர் சொன்னால் ‘மனப்பிரமை’. ஆயிரம் பேர் சொன்னால் அது சாட்சியம். அதுவரை அங்கே மருந்தின் பக்கவிளைவை ‘மஞ்சள் அட்டை’ என்ற முறையில் அரசாங்கத்துக்கு அறிவிக்கும் உரிமை வைத்தியர், மருந்தாளர், தாதியர் போன்றோருக்குத்தான் இருந்தது. 2005 இல் நோயாளிகளும் நேராக எழுதலாம் என்று அதைத் திறந்துவிட்டார்கள். என் கணக்கில் அந்தப் போராட்டத்தின் மிகப் பெரிய வெற்றி அதுதான், அதிகம் பேசப்படாவிட்டாலும்.

சொற்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஆக்கள் ஜன்னலடியில் கேட்கும் முதல் கேள்வி, “இது பழகிப்போகுமோ?” என்பது. எங்களுக்குப் படிப்பித்த பதில், “இல்லை, இது அடிமையாக்கும் மருந்து இல்லை.” கேட்டது ஒன்று, சொன்னது வேறொன்று. அடிமையாவது என்றால் அதைத் தேடி அலைவது, அளவைக் கூட்டிக்கொண்டே போவது, அதற்காகக் களவெடுப்பது. இந்த மருந்துகள் அதைச் செய்வதில்லை, அது உறுதி. ஆனால் பழகிப்போவது என்று எங்கள் ஆக்கள் சொன்னது உடம்பு அந்த மருந்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்வதை. அது நடக்கிறது, அதுவும் உறுதி. செரொக்சாற் துண்டுப்பிரசுரத்தில் அடிமையாக மாட்டீர்கள் என்ற வகையில் இருந்த வாசகத்தைக் கம்பனி எடுத்தது 2003 இல். அதற்கு முன், 1996 இல், இந்தத் துறை வல்லுநர்கள் சிலர் கூடி இதற்கு ‘டிஸ்கொன்டினியுவேஷன் சின்ட்ரோம்’ என்ற பெயரைப் பரப்பினார்கள். நிறுத்தல் அறிகுறித் தொகுப்பு என்று சொல்லலாம். அந்தக் கூட்டத்துக்குப் பணம் கொடுத்தது புரொசாக் தயாரித்த எலி லில்லி கம்பனி. விலகல் என்ற சொல் கஞ்சா, அபின் பக்கம் ஞாபகப்படுத்தும் என்பதால் அது தவிர்க்கப்பட்டது. நோயாளிகள் அந்தப் புதுப்பெயரை இன்றுவரை ஏற்கவில்லை. நானும் ஏற்கவில்லை. ‘உடம்பு பழகிட்டுது’ என்ற எங்கள் சொல் அதைவிட நேர்மையானது.

உங்கள் அக்கா குறிப்பிடும் பாராளுமன்றக் கதை பிற்பாடு நடந்தது. 2017 இல் ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றத்துக்கும் வேல்ஸ் சபைக்கும், வைத்தியர் எழுதித்தந்த மருந்தில் தங்கியிருக்கும் நிலையை அங்கீகரித்து உதவி தாருங்கள் என்று மனுக்கள் போயின. நூற்றுக்கணக்கானோர் தங்கள் சொந்தக் கதையை எழுத்தில் கொடுத்தார்கள். 2018 பெப்ரவரியில் மனநல வைத்தியர்களின் றோயல் கல்லூரித் தலைவரும் இன்னொரு பேராசிரியரும், பெரும்பாலானோருக்கு இந்த அறிகுறிகள் இரண்டு கிழமைக்குள் போய்விடும் என்று ரைம்ஸ் பத்திரிகைக்கு எழுதினார்கள். நோயாளிகளும் சில ஆய்வாளர்களும் சேர்ந்து, அதற்கு ஆதாரத்தைக் காட்டுங்கள் என்று முறைப்பாடு செய்தார்கள். 2019 மே மாதம் கல்லூரி தன் நிலைப்பாட்டை மாற்றியது: சிலருக்கு இது கடுமையாகவும் நீண்ட காலமும் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. இலேசானது, ஒரு கிழமையில் தானாக அடங்கும் என்று சொல்லிவந்த நைஸ் என்ற வழிகாட்டி நிறுவனமும் அதே வருடம் ஒக்ரோபரில் தன் வசனத்தைத் திருத்தியது. 2020 இல் கல்லூரியே குளிசையை எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று அளவுகளோடு நோயாளிகளுக்கான கைந்நூல் போட்டது. கவனியுங்கள், இதில் எந்த இடத்திலும் ‘எல்லாரும் நாளைக்கே நிறுத்துங்கள்’ என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டது மூன்று: தொடங்க முன்பே சொல்லுங்கள், நாங்கள் சொல்வதை நம்புங்கள், நிறுத்தும்போது உதவுங்கள். அந்தப் போராட்டத்தில் நின்றவர்களில் பலர் திடீரென்று நிறுத்தப்போய் நாசமாய்ப் போனவர்கள்தான். லண்டனில் இருந்து சாவகச்சேரிக்கு வரும் வழியில் அந்தச் செய்தி தலைகீழாகிவிட்டது.

இனிச் சந்தேகமான பகுதி. எத்தனை பேருக்கு இது வருகிறது? 2018 இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு 56 வீதம் என்றது. அவர்களில் ஏறக்குறைய அரைவாசிப் பேர் கடுமை என்று சொன்னதாகவும் எழுதியது. போராட்டக்காரர்கள் தூக்கிப்பிடிக்கும் எண் இது. ஆனால் அதில் சேர்க்கப்பட்ட தரவில் ஒரு பகுதி இணையவழிக் கேள்விக்கொத்துகள். கரைச்சல் பட்டவர்தான் அவற்றை நிரப்ப முன்வருவார். 2024 இல் 79 ஆய்வுகள், 21,000 பேர் அடங்கிய இன்னொரு தொகுப்பு வந்தது. மருந்தை நிறுத்தியவர்களில் 31 வீதத்தினருக்கு அறிகுறி. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுத்த, மருந்தே இல்லாத வெற்றுக்குளிசையை நிறுத்தியவர்களிலும் 17 வீதத்தினருக்கு அறிகுறி. ஆகவே மருந்தால் மட்டும் வருவது ஆறு ஏழு பேரில் ஒருவருக்கு, கடுமையாக வருவது சுமார் 35 பேரில் ஒருவருக்கு என்று கணக்கிட்டார்கள். வைத்தியர்கள் தூக்கிப்பிடிக்கும் எண் இது. அதிலும் ஓட்டை இருக்கிறது: அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவற்றில் ஆட்கள் மருந்தை எடுத்தது சில கிழமைகள், சில மாதங்கள்தான். ஏழு வருடம் எடுத்த உங்கள் அம்மாவின் கதை அந்த எண்ணுக்குள் இல்லை. எனக்கு உண்மை இந்த இரண்டுக்கும் இடையில் எங்கேயோ இருப்பதாகத்தான் படுகிறது. கூடக்காலம் எடுத்தவர்களுக்குக் கூடுதலாக வரும் என்பது என் ஜன்னல் அனுபவம். அது ஆய்வு அல்ல, அனுபவம்.

எப்படிக் குறைப்பது என்பதில் நோயாளிகள் கண்டுபிடித்ததை விஞ்ஞானம் பிறகு விளக்கியது. மூளையில் இந்த மருந்து போய் ஒட்டும் இடங்கள் உண்டு. சேர்ட்ரலின் 50 மில்லிகிராமே அந்த இடங்களில் சுமார் 80 வீதத்தை நிரப்பிவிடும். 100 எடுத்தாலும் 150 எடுத்தாலும் அதற்கு மேல் கொஞ்சம்தான் ஏறும். ஆகவே 100 இலிருந்து 50 க்கு இறங்கும்போது பலருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. “சுகமாத்தானே இருக்கு” என்று 50 இலிருந்து ஒரேயடியாக நிறுத்துவார்கள். அங்கேதான் 80 இலிருந்து பூச்சியத்துக்கு விழுகை. கேணிப்படியை நினைத்துப் பாருங்கள்: மேலே படிகள் விரற்கடை உயரம், கடைசிப் படி மட்டும் ஆள் உயரம். 2019 இல் மார்க் ஹொரோவிட்ஸ், டேவிட் ரெய்லர் ஆகிய இருவரும் லான்செற் மனநல சஞ்சிகையில் இதை விளக்கி, கீழே போகப்போகப் படியைச் சிறிதாக்க வேண்டும் என்று எழுதினார்கள். ஹொரோவிட்ஸ் தானே இந்த மருந்தை நிறுத்தப்போய் அடிபட்ட மனநல வைத்தியர். ஒவ்வொரு தடவையும் முன்னைய அளவில் பத்தில் ஒரு பங்கைக் குறைப்பது என்ற வழக்கத்தை நோயாளிகள் அதற்குப் பல வருடம் முன்பே தங்களுக்குள் பரப்பியிருந்தார்கள். நெதர்லாந்தில் ஒவ்வொரு நாளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் அளவில் குளிசைகளைச் சிறு பைகளில் கோத்துச் சுருளாகத் தருகிறார்கள். அதைப் பாவித்து முழுதாக நிறுத்த விரும்பியவர்களில் 71 வீதத்தினர் நிறுத்தினார்கள் என்று 2018 இல் எழுதப்பட்டது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத கணக்கு அது, அதையும் சொல்ல வேண்டும்.

எங்களிடம் அந்தச் சுருள் கிடையாது. எங்களிடம் இருப்பது சவர அலகும் வெள்ளைத்தாளும். 50 மில்லிகிராம் குளிசையின் நடுக்கோட்டில் அலகை வைத்து அழுத்தினால் 25 கிடைக்கும். அரைவாசியைத் திரும்ப அரைவாசியாக்கினால் ஏறக்குறைய 12. அதற்குக் கீழே தூள்தான் மிஞ்சும், அளவு பிசகும். அந்தக் கட்டத்துக்கு வரும்போது மருந்தாளர் ஒருவரிடம் போய்க் கேளுங்கள், ஊகத்தில் தண்ணீரில் கரைக்க வேண்டாம். கூட்டுக்குளிசையையும் (கப்சூல்) மெதுவாகக் கரையும் வகையையும் வெட்டவே கூடாது. ஊரில் எல்லாரும் சொல்லும் இன்னொரு வழி ‘ஒருநாள் விட்டு ஒருநாள்’. புளுஒக்செற்றினுக்கு அது ஓரளவு தாங்கும், அது உடம்பில் நாட்கணக்கில் நிற்கும் மருந்து. சேர்ட்ரலினுக்கும் பரொக்செற்றினுக்கும் அது ஒவ்வொரு இரண்டாம் நாளும் சின்னதாக ஒரு விலகலைக் கொடுப்பதற்குச் சமம். எங்கள் சனம் அதிகம் கரைச்சல்படுவது இந்த நல்லெண்ண ஆலோசனையால்தான்.

பக்கவிளைவுகளைப் பற்றி நீங்கள் கேட்காவிட்டாலும் இரண்டு சொல்கிறேன். அம்மாவின் வயதில் இந்த மருந்து இரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கலாம். பிரசருக்குச் சலம் போக்கும் குளிசையும் எடுக்கிறா என்றால் இன்னும் கவனம். தடுமாற்றம், சோம்பல், மறதி என்று வந்தால் வயது என்று விட்டுவிடாமல் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். மற்றது, தாம்பத்திய உறவில் வரும் குறைபாடு. இது மிகப் பொதுவான பக்கவிளைவு. இங்கே வைத்தியர் கேட்பதில்லை, நோயாளி சொல்வதில்லை. இளம் ஆண்கள் காரணம் சொல்லாமல் கிளினிக்கை விட்டு நிற்பதற்கு இதுதான் காரணம் என்பதை ஜன்னலடியில், பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, அவர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். மருந்தை நிறுத்திய பிறகும் சிலருக்கு அது நீடிக்கிறது என்று நோயாளிகள் சொல்லிச் சொல்லி, 2019 ஜூனில் ஐரோப்பிய மருந்து முகவரகம் மருந்துக் குறிப்பில் அதைச் சேர்க்கச் சொன்னது. எத்தனை பேருக்கு, ஏன் என்பது இன்னும் தெளிவில்லை.

இவ்வளவும் வாசித்து விட்டு அக்கா சொன்னதுதான் சரி என்று நினைத்துவிடாதீர்கள். 2018 இல் 522 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது 21 மனச்சோர்வு மருந்துகளும் வெற்றுக்குளிசையைவிடக் கூடுதலாக வேலை செய்தன. கூடுதல் மிகப் பெரிதல்ல, ஆனால் இருக்கிறது. 2021 இல் இங்கிலாந்தில் நல்ல சுகத்தோடு மருந்தை நிறுத்த யோசித்த 478 பேரைப் பிரித்துப் பார்த்தார்கள். தொடர்ந்து எடுத்தவர்களில் ஒரு வருடத்துக்குள் 39 வீதத்தினருக்கு வருத்தம் திரும்பியது. குறைத்து நிறுத்தியவர்களில் 56 வீதத்தினருக்கு. அந்த 56 இல் ஒரு பகுதி விலகலை வருத்தம் என்று எண்ணியதாக இருக்கலாம் என்று போராட்டக்காரர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனாலும் வித்தியாசம் முழுவதையும் அதில் போட்டுவிட முடியாது. மறுபக்கம், நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 44 பேர் அந்த ஒரு வருடம் சுகமாக இருந்தார்கள் என்பதும் அதே கணக்குத்தான். ‘மூளையில் செரட்டோனின் குறைவதால் மனச்சோர்வு வருகிறது என்பது பொய் என்று நிரூபித்துவிட்டார்கள்’ என்றும் அக்கா சொல்லியிருக்கக்கூடும். 2022 இல் வந்த ஒரு மீளாய்வு அதற்குத் திடமான ஆதாரம் இல்லை என்றது. சரி. ஏன் வேலை செய்கிறது என்று தெரியாதது, வேலை செய்யவில்லை என்பதற்குச் சாட்சி ஆகாது.

கனடாவில் இருந்து தமையன் சொன்னார் என்று குளிசைப் பொட்டலத்தைத் தூக்கி எருக்குவியலுக்குள் போட்ட ஒருவரை எனக்குத் தெரியும். சந்தியில் சின்னக் கடை வைத்திருந்தவர். முதல் கிழமை தலைச்சுற்றும் சன்னதமும். தாங்கிக்கொண்டார். இரண்டாம் மாதம் கடை பாதிநாள் பூட்டு. மூன்றாம் மாதம் அவர் கட்டிலை விட்டு எழும்பவில்லை. மனைவி கணக்குக் கொப்பியோடு வந்து என் முன்னால் அழுதா. திரும்ப மருந்து தொடங்கி எழும்ப அரை வருடம் பிடித்தது. தமையனுக்குத் தம்பியில் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் விடியப்புறம் மூன்று மணிக்குப் பக்கத்தில் இருந்தது மனைவிதான். உங்கள் அக்காவிடம் இதைக் கோபமில்லாமல் சொல்லலாம்: அவ கேள்விப்பட்ட போராட்டத்தில் உள்ளவர்களிடமே கேட்டுப் பார்க்கட்டும், ஏழு வருடம் எடுத்த ஒருவரை நாளைக்கே நிறுத்தச் சொல்வார்களா என்று. சொல்ல மாட்டார்கள்.

இங்கே எனக்கு உள்ள ஆதங்கம் வேறு. அங்கே 2003 இல் ஒரு துண்டுப்பிரசுரத்தின் ஒரு வசனத்தை மாற்றுவதற்கு இத்தனை பேர் மல்லுக்கட்டினார்கள். எங்கள் அரசாங்க ஜன்னலில் அந்தத் துண்டுப்பிரசுரமே நோயாளியின் கைக்கு வருவதில்லை. பெரிய பெட்டியில் இருந்து எண்ணி, சின்ன உறைக்குள் போட்டு, வெளியில் ‘1 – இரவு’ என்று எழுதிக் கொடுக்கிறோம். ஏழு வருடத்தில் உங்கள் அம்மாவின் கைக்கு வந்த எழுத்து மொத்தமும் அவ்வளவுதான். 2022 இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோதும், ‘இல்லை, வெளியில் வாங்குங்கோ’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களுக்கு, வாங்க முடியாவிட்டால் மூன்றாம் நாள் என்ன நடக்கும் என்பதை யாரும் சொல்லவில்லை. கரவெட்டி அம்மாவுக்குப் பிறகு நான் சிவப்புப் பேனையால் உறையில் ஒரு வரி சேர்த்து எழுதத் தொடங்கினேன்: ‘திடீரென நிறுத்த வேண்டாம்.’ வரிசை நீளுகிறது என்று கூட வேலை செய்தவர்கள் முணுமுணுத்ததுண்டு. அந்த நான்கு விநாடி அவ்வளவு பெரிய செலவு என்று எனக்கு இன்றும் தோன்றவில்லை.

இனி அம்மாவின் விடயம். 150 ஆக்கியதை நீங்களாகக் குறைக்க வேண்டாம். வைத்தியர் அதைக் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை; அன்று அவருக்கு முன்னால் கொப்பிகள் மலைபோல் இருந்திருக்கும், நாலு நாள் மருந்து இல்லாத கதை அவருக்குச் சொல்லப்பட்டிருக்காது. அம்மாவின் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில், எந்தத் திகதி கடைசிக் குளிசை, எந்தத் திகதி தலைச்சுற்று, எந்தத் திகதி கரண்ட், எந்தத் திகதி திரும்ப மருந்து, எந்தத் திகதி அடங்கியது என்று அம்மாவின் வாயால் கேட்டு ஐந்து வரியில் எழுதுங்கள். வாயால் சொன்னால் ‘ஓம் அம்மா’ என்று போய்விடும். திகதியோடு எழுதியதை வைத்தியர் வாசிப்பார், என் அனுபவத்தில் பெரும்பாலும் வாசிப்பார்கள். “கூட்டினது இன்னும் தேவையோ டொக்டர்?” என்று மரியாதையாகக் கேளுங்கள். ஒருநாள் நிறுத்த அம்மா விரும்பினால், அதையும் அவவே சொல்லட்டும். ஏழு வருடம் எடுத்ததைக் குறைக்க மாதங்கள் எடுக்கும், ஒரு வருடமும் ஆகலாம் என்பதை வீட்டில் எல்லாரும் முதலே ஏற்றுக்கொள்ளுங்கள். குடும்பத்தில் கலியாணம், திவசம், வீடு மாறுதல் இல்லாத காலமாகப் பார்த்துத் தொடங்குவது நல்லது. இதற்கிடையில் அம்மா வாழ்க்கை வெறுத்துப்போன கதை ஏதும் கதைத்தால் கிளினிக் திகதியைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம், அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

எல்லாவற்றுக்கும் முதல், இன்றிரவு அம்மாவின் உறையைத் திறந்து குளிசைகளை எண்ணுங்கள். அடுத்த கிளினிக் நாளுக்கு மேலாக ஒரு கிழமைக்காவது மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் மருந்துத் துண்டைக் கொண்டுபோய் அரசாங்க மருந்துக்கடையான ஒசுசலவிலோ பக்கத்துப் பாமசியிலோ ஒரு அட்டை வாங்கி வீட்டில் வையுங்கள். பழைய அட்டையின் வெறும் தகடு இருந்தால் அதையும் கொண்டு போங்கள். நிறம் மாறிய குளிசை வந்தால் பெயரையும் மில்லிகிராமையும் அதைப் பார்த்து ஒப்பிடலாம்.